தங்கைக்காகக் கட்டிய ஆஸ்பத்திரி

மல்லேஸ்வரம்,
பெங்களூர்.

அன்புள்ள டாக்டர் அம்மா,

உங்களை நான் நேரில் பார்த்ததில்லை. 1968 ஜூலையில் நீங்கள் காலமானபோது எனக்குப் பதினைந்து வயது. வீட்டுக்கு வரும் தமிழ்ப் பத்திரிகையில் உங்கள் படம் வந்திருந்தாலும், தொடர்கதைப் பக்கத்தைத் தேடிப் புரட்டிக்கொண்டு போயிருப்பேன். பதினொரு வருஷம் கழித்து, அடையாறில் ஒரு மரப்பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோதுதான் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி என்ற பெயர் என் காதில் விழுந்தது. அன்றைக்கே எழுதியிருக்க வேண்டிய கடிதம் இது. அக்கா இருந்தவரை எழுதத் தோன்றவில்லை. உங்களுக்கு நாங்கள் எழுத வேண்டியதெல்லாம் சேலை கட்டிக்கொண்டு, பூ வைத்துக்கொண்டு, சம்பிகே ரோட்டில் கீரை பேரம் பேசிக்கொண்டு நடமாடிக்கொண்டிருந்தது. போன மார்கழியில் அவள் தூக்கத்திலேயே போய்விட்டாள், எழுபத்தொன்பது வயதில். இனி நான்தான் எழுத வேண்டும்.

டாக்டர் அம்மா, 1978 ஐப்பசியில் அது ஆரம்பித்தது. அக்காவுக்கு அப்போது முப்பத்துமூன்று வயது. பன்னிரண்டாவது கிராஸில் வாடகை வீடு, பெண் ஒன்று, பிள்ளை ஒன்று. காலையில் கொல்லைப்பக்கம் போய் வந்தால் ரத்தம். யாரிடமும் சொல்லவில்லை. நம் வீடுகளில் தலைவலியைச் சொல்லலாம், காய்ச்சலைச் சொல்லலாம். அந்த இடத்தைப் பற்றிப் பெற்ற தாயிடம்கூடச் சொல்ல நாக்கு எழாது. ஒருவழியாக அம்மாவிடம் சொன்னபோது ஒரு மாதம் ஓடியிருந்தது. முதலில் பார்த்த டாக்டர் மூலம் என்றார். இரண்டாவதாகப் பார்த்தவர் சீதபேதி என்றார். மாத்திரை, மோர், மாதுளம்பழத் தோல் கஷாயம் என்று ஐந்து மாதம் போயிற்று. இருவரும் நல்லவர்கள்தான், பிள்ளைகளுக்குச் சளி பிடித்தால் கடனுக்குக்கூட மருந்து கொடுத்தவர்கள். ஆனால் இருவருமே அவளைப் படுக்கச் சொல்லித் தொட்டுப் பார்க்கவில்லை. கேட்டு எழுதிக்கொடுத்தார்கள். மூன்றாவதாக ஒரு பெண் டாக்டர் கையுறையை மாட்டிக்கொண்டு விரல் விட்டுப் பார்த்தார். இரண்டு நிமிஷம் ஆகியிருக்காது. கை கழுவிவிட்டு அப்பாவை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

அம்மா, எங்கள் ஊரிலேயே கித்வாய் புற்றுநோய் ஆஸ்பத்திரி திறந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஆனால் சித்தி வீடு மயிலாப்பூரில் இருந்தது. தங்க இடம், சமைத்துக் கொடுக்க ஆள், பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள ஒரு கிழவி, எல்லாம் அங்கே. ராத்திரி மெயிலில் ஏறினோம். பக்கத்து வீட்டு கன்னடத்து அம்மாள் காடு மல்லேஸ்வரர் கோயில் விபூதியைப் பொட்டலம் கட்டி அக்காவின் கையில் வைத்து ‘ஏனூ ஆகல்ல’, ஒன்றும் ஆகாது என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அக்கா கீழ் பெர்த்தில் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். உட்கார முடியவில்லை அவளால். நான் அவள் காலடியில் உட்கார்ந்து ஜோலார்பேட்டை, காட்பாடி, அரக்கோணம் என்று எண்ணிக்கொண்டே போனேன்.

டாக்டர் அம்மா, உங்கள் ஆஸ்பத்திரியில் எனக்கு முதலில் நினைவிருப்பது கூட்டம். ஆந்திரத்திலிருந்து வந்த வேட்டிக்காரர்கள், கழுத்தில் மஞ்சள் கயிறு மட்டும் மிஞ்சியிருந்த தஞ்சாவூர்ப் பக்கத்துப் பெண்கள், தாடை வீங்கிய பீடித்தொழிலாளி ஒருவர், மொட்டையடித்த தலையில் துண்டு கட்டிய ஒரு பையன். அத்தனை பேரும் ஒரே வரிசையில். அப்பாவுக்கு அந்த வரிசைதான் மலைப்பாக இருந்தது. அவர் டாடா இன்ஸ்டிட்யூட்டில் ஸ்டோர் கீப்பராக இருந்து ஓய்வு பெற்றவர். வரிசையை யார் தாண்டிப் போகிறார்கள் என்று பார்த்தே ஒரு இடத்தை எடைபோடுவார். மத்தியானம் வரை பார்த்துவிட்டு, ‘இங்கே சிபாரிசு எடுபடாது போலிருக்கு’ என்றார். அந்தச் சொல்லில் பயம் போய் ஒரு நிம்மதி வந்திருந்தது.

அம்மா, மூன்றாம் நாள், அக்காவை உள்ளே கொண்டுபோயிருந்தார்கள். நான் பெஞ்சில் தனியாக அழுதுகொண்டிருந்தேன். தரை துடைத்துக்கொண்டிருந்த ஆயாம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு, ‘யாரும்மா உள்ளே?’ என்றாள். அக்கா என்றேன். சுவரில் இருந்த உங்கள் படத்தைக் காட்டி அவள் சொன்னாள்: ‘அந்த அம்மா தங்கச்சிக்கு இதே நோவுதான். தங்கச்சி செத்துப்போச்சு. அதுக்காவக் கட்டுன ஆஸ்பத்திரி இது. உங்கக்காவ விட மாட்டாங்க.’ அவ்வளவுதான். வாளியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். படத்தில் நீங்கள் எங்கள் பாட்டி போலத்தான் தெரிந்தீர்கள். தங்கையைப் பறிகொடுத்த ஒரு அக்கா அங்கே சுவரில். அக்காவைப் பறிகொடுக்கப் போகிறோமோ என்று நடுங்கிக்கொண்டு ஒரு தங்கை இங்கே பெஞ்சில். அன்று முதல் உங்களை எனக்குத் தெரியும்.

டாக்டர் அம்மா, ‘இதே நோவு’ என்று ஆயாம்மா சொன்னது எவ்வளவு சரி என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. உங்களைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் தேடித் தேடிப் படித்தேன். 1923-ல் போன உங்கள் தங்கைக்கும் மலக்குடலில்தான் புற்று. அவருக்கும் முதலில் சீதபேதி என்றுதான் சொன்னார்களாம். அந்த வரியில் புத்தகத்தை மூடிவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அம்பத்தைந்து வருஷம் இடைவெளி; அதே தவறு. ஆனால் உங்கள் தங்கைக்கு, தவறு தெரிந்தபின் போவதற்கு ஓர் இடம் இல்லை. என் அக்காவுக்கு இருந்தது. நடுவில் நீங்கள் இருந்தீர்கள்.

அம்மா, உங்கள் நிலைமையை நினைத்துப் பார்க்கிறேன். நீங்கள் சாதாரண வீட்டுப் பெண் இல்லையே. 1912-ல் சென்னை மருத்துவக் கல்லூரியிலிருந்து பட்டம் வாங்கி வந்தவர். புதுக்கோட்டையில் ஆண்பிள்ளைகள் படித்த மகாராஜா கல்லூரியில், ராஜாவே தலையிட்டு இடம் கொடுத்துப் படித்தவர். ஊரெல்லாம் வைத்தியம் பார்க்கிற வீட்டில், சொந்தத் தங்கையின் நோய் முற்றிய பிறகுதான் பெயர் தெரிகிறது. மருத்துவம் படிக்காத எனக்கே, அந்த ஐந்து மாதத்தை நினைத்தால் இன்றும் நெஞ்சு குறுகுகிறது. படித்த உங்களுக்கு எப்படி இருந்திருக்கும்? வேறு யாராக இருந்தாலும் மருத்துவத்தையே வெறுத்திருப்பார்கள். அல்லது காசிக்குப் போய்க் கரைத்துவிட்டு வந்து அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்தியிருப்பார்கள். நீங்கள் 1925-ல் கப்பலேறி லண்டனுக்குப் போனீர்கள். பெண்கள், குழந்தைகள் நோய்களைப் படிக்கத்தான் அரசு உங்களை அனுப்பியது. போன இடத்தில் புற்றுநோய்க்கென்றே தனியாக இருந்த ஆஸ்பத்திரியையும் தேடிப் போய்ப் பார்த்துக் கற்றுக்கொண்டீர்கள். இப்படி ஒன்று நம் ஊரில் இருந்திருந்தால் என்று அந்த வராந்தாக்களில் நடக்கும்போது உங்களுக்குத் தோன்றாமலா இருந்திருக்கும்?

டாக்டர் அம்மா, திரும்பி வந்ததும் உங்களைச் சட்டசபைக்கு நியமித்தார்கள். வைத்தியத் தொழிலுக்கு இடைஞ்சலாகுமே என்று முதலில் தயங்கினீர்கள் என்கிறார்கள். அந்தத் தயக்கம் எனக்குப் பிடித்திருக்கிறது. சென்னைச் சட்டசபையில் அத்தனை ஆண்களுக்கு நடுவில் ஒரே பெண்ணாக உட்கார்ந்தீர்கள். 1927-ல் அவர்களே உங்களை ஒருமனதாகத் துணைத் தலைவராகத் தேர்ந்தெடுத்தார்கள். தங்கையின் சாவுதான் உங்களை அரசியலுக்குக் கொண்டுவந்தது என்று ஒரே முடிச்சாகப் போட்டுவிட நான் துணியமாட்டேன். அதற்கு முன்பும் நீங்கள் பொதுக்காரியங்களில் இருந்தவர். ஆனால் எனக்குப் படுவது இது: நோயாளி தேடி வரும்வரை மருத்துவர் காத்திருக்க முடியும். சட்டம் செய்கிறவர் அப்படிக் காத்திருக்க முடியாது. அந்தச் சாவுக்குப் பிறகு உங்களால் காத்திருக்க முடியவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு மருத்துவப் பரிசோதனை வேண்டும் என்றீர்கள். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்றீர்கள். ஏழைப் பெண்களுக்குப் படிப்புச் செலவு கூடாது என்றீர்கள். வாசலுக்கு வராதவர்களின் வியாதியைத் தேடிப் போன கேள்விகள் அவை.

அம்மா, என் பாட்டிக்குப் பதினொரு வயதில் கல்யாணம். என் அம்மாவுக்குப் பதினாறு. இந்த ஐந்து வருஷ வித்தியாசத்திலும் உங்களுக்குப் பங்கு உண்டு. குழந்தைக் கல்யாணத்தைத் தடுக்க 1929-ல் வந்த சாரதா சட்டத்துக்காகச் சென்னையில் குரல் கொடுத்தவர்களில் நீங்கள் முன்வரிசை. சட்டம் தந்த பதினான்கு வயது உங்களுக்குப் போதவில்லை. என் அம்மா எட்டாவது வரை படித்தாள். அக்காவின் கேஸ் ஷீட்டில் தமிழில் எழுதியிருந்ததையெல்லாம் அவள்தான் எங்களுக்குப் படித்துச் சொன்னாள்.

டாக்டர் அம்மா, தேவதாசி முறையை ஒழிக்க நீங்கள் எடுத்த போராட்டத்தைப் பற்றி எழுதாமல் இந்தக் கடிதம் முழுமையாகாது. உங்கள் தாயார் சந்திரம்மாள் அந்த மரபில் பிறந்தவர். அந்தக் குடும்பங்களின் துயரம் உங்களுக்குச் செவிவழிச் செய்தி இல்லை. 1927-ல் தீர்மானம் கொண்டுவந்தீர்கள். 1929-ல், கோயில் சேவைக்காக விடப்பட்டிருந்த இனாம் நிலங்களைச் சேவை இல்லாமலே அந்தப் பெண்களுக்கு உரிமையாக்கும் சட்டம் வந்தது. பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டி விடுவதற்கு முழுத் தடை வர 1947 ஆயிற்று. எங்கள் மைசூர் சமஸ்தானம் 1909-லேயே கோயில்களில் அந்தச் சேவையை நிறுத்திவிட்டிருந்தது என்பதில் இந்த ஊர்க்காரி என்ற முறையில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. ஆனால் எங்கள் ஊர்ப் பெயரையே தன் பெயரோடு சேர்த்துக்கொண்ட பெங்களூர் நாகரத்தினம்மாள் உங்களை எதிர்த்தார் என்பதையும் மறைக்க மாட்டேன். கலையும் சொத்தும் மரியாதையும் உள்ள எங்களை எல்லாரையும் ஒரே சொல்லால் தள்ளிவிடாதீர்கள் என்று அவரும் மற்றவர்களும் மனுக் கொடுத்தார்கள். அவர்கள் வலியில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். உங்கள் கோபத்தில் அதைவிடப் பெரிய நியாயம் இருந்தது. மகளாகப் பிறந்த ஒரே காரணத்துக்காக ஒரு குழந்தையின் வாழ்க்கையை முன்கூட்டியே எழுதிவைக்கக் கூடாது என்று அந்தச் சபையில் சொல்ல, அந்த வீட்டுப் பெண் வயிற்றில் பிறந்த ஒருத்தி வேண்டியிருந்தது.

அம்மா, உப்புச் சத்தியாகிரகத்தில் காந்தி கைதானதும் 1930-ல் பதவியை ராஜினாமா செய்துவிட்டு வெளியே வந்தீர்கள். அந்தக் காலகட்டத்தில்தான், போக்கிடம் இல்லாத பெண்பிள்ளைகளுக்காக அவ்வை இல்லம் பிறந்தது. பதவியிலிருந்து இறங்கினால் வேலை முடிந்தது என்று உங்களுக்கு ஒருபோதும் தோன்றவில்லை.

டாக்டர் அம்மா, இனி நான் சொல்லப்போவதற்குத்தான் உங்களுக்கு நான் அதிகம் கடன்பட்டிருக்கிறேன். உங்கள் பொறுமைக்கு. தங்கை போனது 1923. மருத்துவக் கல்லூரி நூற்றாண்டு விழாவில் புற்றுநோய்க்குத் தனி ஆஸ்பத்திரி வேண்டும் என்று நீங்கள் சொன்னது 1935. பன்னிரண்டு வருஷம். மாதர் சங்கம் புற்றுநோய் நிவாரண நிதி திரட்ட ஆரம்பித்தது 1949. மேலும் பதினான்கு வருஷம். அரசாங்கத்திடம் போனால், புற்றுநோய் வந்தவர் எப்படியும் சாகத்தானே போகிறார், அதற்கு எதற்குத் தனி ஆஸ்பத்திரி என்ற அர்த்தத்தில் ஒரு மந்திரியே கேட்டதாக, பின்னாளில் உங்கள் ஆஸ்பத்திரிக்கு வந்த டாக்டர் சாந்தா பலமுறை சொல்லியிருக்கிறார். 1952 அக்டோபரில் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 ஜூன் 18-ம் தேதி கதவு திறந்தது. கூட்டிப் பார்த்தால் முப்பத்தொரு வருஷம். உங்களுக்கு அப்போது அறுபத்தேழு முடிந்து அறுபத்தெட்டு நடந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டில் அக்காவுக்கு நோய் என்று தெரிந்த முதல் வாரத்தில் எத்தனை சபதம் எடுத்தோம் தெரியுமா? அவள் வீடு திரும்பிய ஆறாம் மாதம் அதில் பாதி எங்களுக்கே மறந்துபோயிற்று. துக்கம் அப்படித்தான். ஆறவேண்டும், ஆறிவிடும். நீங்கள் அதை ஆறவிடாமல், அதே சமயம் அதில் வெந்தும் போகாமல், முப்பத்தொரு வருஷம் கையில் வைத்திருந்தீர்கள். எப்படி அம்மா?

அம்மா, துக்கத்தை இப்படிக் காரியமாக மாற்றியவர்கள் உலகத்தில் வேறு இல்லாமல் இல்லை. அமெரிக்காவில் ஜோ பைடன் 2015-ல் மகனை மூளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். மறு வருஷமே, துணை ஜனாதிபதியாக இருந்த அவர் தலைமையில், புற்றுநோய் ஆராய்ச்சிக்கு ஒரு பெரும் திட்டம் ஆரம்பமாயிற்று. அந்தத் தகப்பனின் வலியும் உண்மையானதுதான். ஆனால் அவருக்குப் பின்னால் ஒரு அரசாங்கம் இருந்தது. உங்களுக்குப் பின்னால் நிதி வசூல் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கிய மாதர் சங்கத்துப் பெண்கள் இருந்தார்கள்.

டாக்டர் அம்மா, பன்னிரண்டு படுக்கை. அவ்வளவில்தான் ஆரம்பித்தீர்கள். இன்று நானூறுக்கும் மேலே. அமெரிக்கா போய்ப் புற்றுநோய் மருத்துவம் படித்து வந்த உங்கள் மகன் கிருஷ்ணமூர்த்தி, பெரிய சம்பளமும் பெரிய வீடும் வேண்டாமென்று அந்தப் பன்னிரண்டு படுக்கைக்கு வந்தார். 1955-ல் சாந்தா வந்தார். வந்தவர் அறுபத்தைந்து வருஷம் அங்கேயே இருந்து, 2021 ஜனவரியில் காலமானார். கனடாவிலிருந்து கோபால்ட் கதிர்வீச்சு இயந்திரத்தை 1950-களிலேயே வரவழைத்துவிட்டீர்கள். நாட்டில் பலருக்கு அந்தப் பெயரே தெரியாத காலம். அக்காவுக்கு முதலில் கொடுத்ததும் கோபால்ட்தான். தினமும் மயிலாப்பூரிலிருந்து பஸ்ஸில் போய் வருவோம். இடுப்புக்குக் கீழே மை போட்டுக் கோடு வரைந்திருப்பார்கள். குளிக்கும்போது அழியக் கூடாது. ‘எனக்கு மட்டும் கோலம் போட்டு அனுப்பறாங்கடி’ என்று அக்கா சிரித்தாள். ஐப்பசிக்குப் பிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அம்மா, சாந்தா அம்மாவோடு எங்கள் அப்பாவுக்கு மட்டும் ஒரு தனிச் சொந்தம் இருந்தது. அவர் சர் சி.வி. ராமனின் அண்ணன் பேத்தி என்று எங்கோ படித்துவிட்டார். அண்ணன் மகளின் மகள். ராமன் எங்கள் மல்லேஸ்வரத்துக்காரர் அல்லவா! அவருடைய ‘பஞ்சவடி’ வீட்டைக் கடக்கும்போதெல்லாம் அப்பா செருப்பை மெதுவாக வைத்து நடப்பார். இன்ஸ்டிட்யூட்டில் ராமன் பேராசிரியராக இருந்த கடைசி வருஷங்களில் ஸ்டோரில் வேலை பார்த்தவர் அவர். தலைப்பாகையோடு வேகமாக வந்து ஒரு கண்ணாடிக் குழாய்க்கு ராமன் போட்ட அதட்டலை நூறு தடவை சொல்லியிருப்பார். ஆஸ்பத்திரியில் இருந்து திரும்பியபின் அந்த வீட்டைத் தாண்டும்போது, ‘இந்தக் குடும்பத்துப் பொண்ணுதான் உன் உசிரைக் காப்பாத்தினவங்கள்ல ஒருத்தி’ என்று அக்காவிடம் சொல்வார். ராமனுக்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று நாங்கள் சிரிப்போம். இன்று யோசித்தால், அவருக்குத் தெரிந்த பெரிய மனிதர் ஒருவர்தான். அவர் வழியாகவாவது அந்தக் கடனுக்கு ஒரு முகவரி வேண்டும் என்று தேடியிருக்கிறார்.

டாக்டர் அம்மா, எங்கள் பேட்டையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1898-ல் பெங்களூரில் பிளேக் வந்து பழைய நகரின் பேட்டைத் தெருக்களில் ஜனங்கள் கும்பல் கும்பலாகச் செத்தார்கள். நெருக்கியடித்து வாழ்ந்ததுதான் காரணம் என்று கண்டு, காற்று வர அகலமான ரோடு, வீட்டுக்குப் பின்னால் தோட்டம், எண் போட்ட கிராஸ் என்று வளர்த்த ஊர் இது. மல்லேஸ்வரத்து மரங்களைப் பார்த்து எல்லாரும் புகழ்கிறார்கள். அந்த மரங்கள் எதற்குப் பதிலாக வந்தவை என்று யாருக்கும் ஞாபகமில்லை. உங்கள் ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோதும் எனக்கு எங்கள் ஊர் ஞாபகம்தான் வந்தது; அதுவும் சாவுக்குப் பதிலாக எழுந்ததுதானே.

அம்மா, அக்காவின் பிற்கால வாழ்க்கையை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். அறுவைக்குப் பின் வயிற்றின் இடப்பக்கம் மலம் போக வழி திறந்து, அதில் பை வைத்தார்கள். உயிர் பிழைத்ததைவிட அந்தப் பையோடு உயிர் வாழ்வதுதான் அவளுக்கு முதலில் கஷ்டமாக இருந்தது. கோயிலுக்குள் போகலாமா, சமையற்கட்டில் நிற்கலாமா, வீட்டுக்காரர் பக்கத்தில் படுக்கலாமா. இதையெல்லாம் யாரிடம் கேட்பது? உங்கள் ஆஸ்பத்திரியில் ஒரு நர்ஸம்மா, கதவைச் சாத்திவிட்டு, அத்தனைக்கும் பதில் சொன்னாளாம். ‘எல்லாம் செய்யலாம், பாரம் மட்டும் தூக்காதே.’ நல்ல பை அன்றைக்கு நம் ஊரில் கிடைக்காது. கிடைத்த பையும் நழுவும், தோலை அரிக்கும். அக்கா அவளுடைய உஷா மிஷினில் மல் துணியை நாலு மடிப்பாக மடித்து, நடுவில் வளையம் வைத்து, இடுப்பில் கட்டிக்கொள்ள ஒரு பட்டை தைத்தாள். முதல் பட்டை புடவைக்கு மேலே துருத்திக்கொண்டு தெரிந்தது. மூன்றாவது நான்காவதில் சரியாகிவிட்டது. கட்டிக்கொண்டு கார்த்திகைச் சோமவாரத்துக் கடலைக்காய் பரிஷே என்ற வேர்க்கடலைத் திருவிழாவுக்குப் போனாள். வறுத்த கடலை வாங்கி, கூட்டத்தில் இடிபட்டு, வீட்டுக்கு வந்து, ‘ஒண்ணும் ஆகலடி’ என்றாள்.

டாக்டர் அம்மா, அதற்கப்புறம் மற்றவர்களுக்கும் தைக்க ஆரம்பித்தாள். எப்படித் தெரிந்துகொண்டு வருவார்களோ! ஒரு டாக்டர் சொல்லியிருப்பார், ஒரு நோயாளி இன்னொருவருக்குச் சொல்லியிருப்பார். ஸ்ரீராமபுரத்திலிருந்து, கோலாரிலிருந்து, ஒரு தடவை சிமோகாவிலிருந்து. பெரும்பாலும் புருஷனோ பிள்ளையோ தயங்கித் தயங்கிக் கேட்டு நிற்பார்கள். அக்கா உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுத்து, கதவைச் சாத்திவிட்டு, தன் வயிற்றைத் திறந்து காட்டுவாள். ‘பாருங்க, இருபது வருஷமா இருக்கேன்.’ பிறகு முப்பது வருஷம் என்றாள். நாற்பது என்றாள். பெண்ணுக்குக் கல்யாணம் செய்தாள், பேரனுக்குப் பொம்மை என்று எதையெதையோ தைத்தாள். துணிக்குக்கூடக் காசு வாங்கமாட்டாள். ஏன் என்று நான் கேட்டபோது, ‘அடையாறுல என்கிட்ட யார் கேட்டா?’ என்றாள். கேட்டார்கள், கொடுத்தோம், அப்பாவின் பிராவிடண்ட் ஃபண்டில் கொஞ்சம் போயிற்று. ஆனால் எங்களால் எவ்வளவு முடியும் என்று கேட்டபின்தான் எவ்வளவு என்று சொன்னார்கள். அவள் ஞாபகத்தில் அது கேட்காததாகவே நின்றுவிட்டது.

அம்மா, ஜூலை 30 உங்கள் பிறந்தநாள். தமிழ்நாட்டு அரசு இப்போது அதை மருத்துவமனை நாளாகக் கொண்டாடுகிறது. கருவுற்ற ஏழைப் பெண்களுக்கான உதவித் திட்டத்துக்கும் உங்கள் பெயர்தான். என் வீட்டில் வேலை செய்யும் பெண்ணின் தங்கை, கிருஷ்ணகிரிப் பக்கம் இருப்பவள், அந்தப் பணம் வந்ததைச் சொன்னபோது, ‘முத்துலட்சுமி பணம்’ என்று சொன்னாள். யார் அது என்று அவளுக்குத் தெரியவில்லை. நான் சொன்னேன். தங்கை கதையிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன்.

டாக்டர் அம்மா, அக்காவின் அலமாரியைப் போன வாரம்தான் ஒழித்தோம். கீழ்த்தட்டில் ஒரு தலையணை உறைக்குள் தைத்து முடித்த பட்டைகள் பதினேழு இருந்தன. ஒன்று பாதி தைத்தபடி, ஊசி அதிலேயே குத்தியிருந்தது. கண் சரியாகத் தெரியாத கடைசி வருஷத்தில் தைத்தது போலிருக்கிறது, தையல் வளைந்து வளைந்து ஓடியிருக்கிறது. அதைப் பிரித்து நேராக்க மனசு வரவில்லை. மிச்சத்தை மட்டும் நான் தைத்து முடித்திருக்கிறேன். பதினெட்டையும் வெந்நீரில் அலசிக் காயப்போட்டு எடுத்துவைத்திருக்கிறேன். ஜூலை 29-ம் தேதி ராத்திரி சென்னை மெயிலுக்கு டிக்கெட் எடுத்தாயிற்று. இப்போதெல்லாம் உங்கள் ஆஸ்பத்திரியில் நல்ல பைகளே கிடைக்கும், இவை தேவைப்படாமல் போகலாம். இருந்தாலும் கொண்டுவருகிறேன். அந்த மரப்பெஞ்சு இருந்தால் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவேன்.

உங்கள் அன்புள்ள,
உள்ளே படுத்திருந்தவளின் தங்கை